புதன்கிழமை அப்பா

1

போன வாரம் பெருந்துறையிலிருந்து மாமா கூப்பிட்டார். என் அம்மாவின் தம்பி. அங்கே தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். வழக்கமாக மழை, மஞ்சள் விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங் மாப்ள, மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. நம்ம கம்பெனியில ஒரு மேனேஜர் வேலை காலியாத்தான் கெடக்குது. நீங்க வந்தீங்கன்னா எனக்குப் பெரிய ஒத்தாசைங்க."

"எதுக்குங் மாமா திடீர்னு?"

"வெசனப்படாதீங்க. வேலை போறதெல்லாம் இப்ப எல்லா ஊர்லயும் நடக்கறதுதானுங்க."

அப்போதுதான் புரிந்தது. அடுத்தடுத்து இரண்டு புதன்கிழமை அவர் வீடியோவில் கூப்பிட்டிருந்தார். இரண்டு தடவையும் நான் பட்டப்பகலில் வீட்டில் இருந்தேன். முதல் தடவை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா முடிவுக்கு வர இது போதாதா?

"வேலையெல்லாம் போகலைங் மாமா. வாரத்துல நாலு நாள் போறேன். புதன்கிழமை பாப்பாவைப் பாத்துக்க ஊட்டுல இருக்கறனுங்க."

"அப்பச் சம்பளம்?"

"அதுக்குத் தகுந்தாப்ல கொறச்சுட்டாங்க."

"அடப்பாவிகளா! கொறச்சேபோட்டாங்களா?"

"நாந்தானுங் மாமா கேட்டு வாங்குனேன்."

மாமா, டாக்டர் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "சம்பளத்தைக் கொறைங்கன்னு நீங்களே போய்க் கேட்டீங்களா மாப்ள? ஒடம்புகிடம்பு நல்லா இருக்குதுங்களா?"

இந்த வாரப் புதன்கிழமையோடு இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வருஷம் ஆகிறது. மாமாவுக்கு ஃபோனில் விளக்க எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

2

நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தின் ஓரத்தில். நான் ஓர் இயந்திரக் கம்பெனியில் வடிவமைப்பாளன். மனைவி பிரபாவுக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. மகள் மகிழினிக்கு ஏழு வயது. வீட்டில் மகி.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் புதன்கிழமை அரை நாள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தோடு பிள்ளைகளை வெளியே விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "எப்போதும் அப்படித்தானே" என்கிறார்கள். அதனால் இங்கே புதன் என்றாலே பெற்றோர் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் நாள். அப்பா இருந்தால் அதற்குப் 'பாப்பா நாள்' என்று பெயர். பாப்பா என்றால் இவர்கள் பாஷையில் அப்பா.

மகி பிறந்ததிலிருந்து அந்தப் புதன்கிழமைகளைப் பிரபாதான் பார்த்துக்கொண்டாள். வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அதற்கு யாரும் அவளுக்கு ஃபோன் போட்டு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. பெருந்துறையில் அது செய்தியே இல்லை.

போன வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் மருந்தகத்தின் ஒரு பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். முழுநேர வேலை. அவள் ஆசைப்பட்ட வேலை. மகியைப் புதன் மதியங்களில் பள்ளிக்குப் பக்கத்திலிருந்த காப்பகத்தில் விட்டோம். அங்கே சஸ்கியா என்று ஒரு பெண். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு புதன்கிழமை மகி ஏறி விளையாடும் கம்பி ஏணியிலிருந்து விழுந்து, புதிதாக முளைத்த முன்பல்லின் ஓரத்தை உடைத்துக்கொண்டாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். ஃபோன் பையில் இருந்தது. பிரபா மருந்து கலக்கும் அறைக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. நான் தகவல் பார்த்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மகி அழுது முடித்திருந்தாள். சஸ்கியா மடியில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி டச்சில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படி ஏறினாள், யார் பின்னால் வந்தது, எந்தக் கம்பி வழுக்கியது, எல்லாம். டச்சை மெதுவாகப் பேசினால் எனக்குப் புரியும். அவள் மெதுவாகப் பேசவில்லை.

"என்ன கண்ணு ஆச்சு?" என்று குனிந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்ப்பா" என்றாள்.

நாங்கள் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு, விருந்தாளிக்குச் சொல்வதுபோல் சொன்னாள். பல் உடைந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும்போது அழுதேன். நல்லவேளை, இந்த ஊரில் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர் வரும்.

3

அன்றைக்கே பிரபாவிடம் சொல்லிவிட்டேன். "இனிமேல் புதன்கிழமை நான் இருக்கறேன்."

"ஏனுங்க, சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. சைட்டு?" என்றாள்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவன் உருப்படுகிறானா இல்லையா என்பதற்கு ஒரே அளவுகோல், சைட் வாங்கினானா என்பது. வீட்டுமனை என்று எழுதினால் அந்த மரியாதை வருவதில்லை. மாமா எங்களுக்காகக் காங்கேயம் ரோட்டில் ஒரு கார்னர் சைட் பார்த்து வைத்திருந்தார். மாதம் தவறாமல் அதன் படம் வாட்ஸ்அப்பில் வரும். படத்தில் வேலிக்கல்லும் ஒரு வேப்பங்கன்றும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் சம்பளம் போனால் அந்த வேப்பங்கன்று மரமாகிற வரைக்கும் நாங்கள் அந்தப் பக்கம் போக முடியாது.

இன்னொரு சிக்கல், எங்கள் விசா. என்னைப்போல் வேலைக்காக வந்தவர்களின் சம்பளம் அரசாங்கம் போட்ட கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். நாலு நாள் சம்பளம் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்குமா? குடியேற்ற அலுவலகத்தைக் கேட்டேன். கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். கம்பெனியில், குடியேற்ற அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பேருமே மிகவும் அன்பாகச் சொன்னார்கள்.

"மொதல்ல உங்க மேனேஜரைக் கேளுங்க. அவங்க ஆகாதுன்னுட்டா இத்தனை யோசனையும் தண்டம்" என்றாள் பிரபா. அவள் சொன்னது சரிதான். ஆனால் கேட்க வேண்டியவன் நான்.

4

எங்கள் பக்கம் ஒரு காரியமாக யார் வீட்டுக்காவது போனால், காரியத்தை உள்ளே உட்கார்ந்து பேச மாட்டோம். அது அநாகரிகம். மழையைப் பற்றிப் பேசுவோம். போர்வெல் தண்ணீரைப் பற்றி, அந்தியூர்ச் சந்தையில் மாடு போன விலையைப் பற்றி, பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவோம். காப்பி குடிப்போம். "அப்பச் செரிங்க, நான் வாரனுங்க" என்று எழுந்திருப்போம். செருப்பை மாட்டி, கேட்டைத் தாண்டி, வண்டி சாவியைத் திருகும்போதுதான், "அப்புறம் ஒண்ணுங்க..." என்று ஆரம்பிப்போம். பெண் கேட்பது, கைமாற்று, சிபாரிசு எல்லாம் அங்கேதான். கேட்கப்படுகிறவருக்கும் இது தெரியும். ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த என் அப்பா, வந்தவர் எழுந்தால் தானும் எழுந்து கேட் வரைக்கும் போவார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேண்டாம் என்று சொல்லவும் அந்த இடம்தான் வசதி. ஒருவர் ஏற்கனவே கிளம்பிவிட்டார், மனத்தாங்கல் வளர நேரமில்லை.

எங்கள் மேனேஜர் இங்கிரிட்டைப் பார்க்கும் கண்ணாடி அறைக்குக் கேட் இல்லை. அரை மணி நேரத்துக்கு அறையைப் பதிவு செய்ய வேண்டும். அரை மணி முடிந்ததும் அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டுவார். இங்கிரிட் லேப்டாப்பை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

முதல் தடவை போனேன். அவருடைய முழங்கால் ஆபரேஷனை விசாரித்தேன். தோட்டத்து ரோஜாக்களை விசாரித்தேன். கம்பெனி என்னை எத்தனை நன்றாக வைத்திருக்கிறது என்று சொன்னேன். இத்தனை வருஷம் போனதே தெரியவில்லை என்றேன். மகள் வளர்ந்துவிட்டாள் என்றேன். பக்கத்தில் வந்துவிட்டோம், இனி எழுந்து இரண்டடி நடந்தால் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இருந்தபோது கண்ணாடியைத் தட்டிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். "வீட்டில் பொறுப்புகள் கூடிவிட்டன" என்றேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. இங்கிரிட் தலையை ஆட்டினார். குறிப்பு எடுத்துக்கொண்டார். எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன்.

மறுவாரம் அவரே கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கள் ரொம்பக் கூச்சப்படுகிறீர்கள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே. பல வருஷமாக இருக்கிறீர்கள், குடும்பப் பொறுப்பு கூடியிருக்கிறது. நியாயம்தான். குழுவுக்கு உங்களைத் தலைவராகப் போடுகிறேன். சம்பளமும் உயரும்."

ஒருவர் சந்தோஷமாகக் கொடுக்கும்போது முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு. "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டேன். கையும் குலுக்கிவிட்டேன்.

பிரபா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, கொறைக்கச் சொல்லிப் போனவரு ஏத்திக்கிட்டு வந்து நிக்கறீங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது இருவருமே சைட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் நான் நிஜமாகவே ஆடிப்போனேன். தலைவர் பதவி என்றால் புதன் மதியம் எல்லாப் பிரிவுக்காரர்களும் கூடும் மீட்டிங்கை நடத்துவதே நான்தான். ஆனால் அந்தச் சம்பளத்தில் விசாக் கவலை இல்லை. சைட் வந்துவிடும். அப்பாவிடம் சொன்னால் ஆவாரம்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும். மகி காப்பகத்தில் சந்தோஷமாகத்தானே இருக்கிறாள் என்று ஒரு பக்கம் தோன்றும். அவள் சந்தோஷமாக இருப்பதுதானே என் பிரச்சினை என்று இன்னொரு பக்கம் தோன்றும்.

கடைசியில் பிரபாதான் ஒரு வழி சொன்னாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க லீடாவே ஆயிக்குங்க. நான் பழையபடி நாலு நாளுக்குப் போயிக்கறேன்."

"உனக்கு வெசனமில்லையா?"

"இருக்குதுங்க. அதுக்கென்ன பண்றது, யாராவது ஒருத்தர் இருக்கோணுமல்ல."

அந்த 'யாராவது ஒருத்தர்' இத்தனை வருஷமும் அவள்தான். வாய்ப்புக் கிடைத்து இன்னும் வருஷம்கூட ஆகவில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கத் துடைக்கிற கையை நிறுத்தாமலே தயாராகிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சைட்டும் வேப்பங்கன்றும் அந்த நிமிஷத்தோடு என் கணக்கிலிருந்து போய்விட்டன.

5

மறுநாள் சாயங்காலம் இங்கிரிட் கிளம்பும் வரை காத்திருந்தேன். கூடவே படியிறங்கினேன். சைக்கிள் நிறுத்துமிடம் வரை போனேன். அவர் பூட்டைத் திறந்து, பையை மாட்டி, ஒரு காலைப் பெடலில் வைத்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"அப்புறம் ஒன்று..." என்றேன். "எனக்கு அந்தப் பதவி வேண்டாம். புதன்கிழமை லீவு வேண்டும். நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம்."

இங்கிரிட் காலைக் கீழே வைத்தார். "என்னோடு அந்த அறையில் இரண்டு தடவை உட்கார்ந்திருந்தீர்களே. அங்கே ஏன் இதைச் சொல்லவில்லை?"

எங்கள் ஊர்க் கேட் பழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் சைக்கிள் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படியென்றால் முழங்காலை விசாரித்தது?" என்றார். அதுவும் உண்மையான விசாரிப்புதான், பொய்யில்லை என்று சொன்னேன்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. "நான் வெள்ளிக்கிழமை வருவதில்லையே, கவனித்ததில்லையா? என் மகன் பிறந்ததிலிருந்து எனக்கும் நாலு நாள்தான்." அவர் வெள்ளிக்கிழமைகளில் வேறு கிளைக்குப் போகிறார் என்று இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய பதவியில் இருப்பவர் வேலைக்கு வராமல் இருப்பார் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

விசாவுக்கு மட்டும் சில வாரம் இழுத்தடித்தார்கள். சம்பளம் கோட்டுக்கு மேலே நிற்கிறது, ஆனால் மயிரிழையில்தான் நிற்கிறது என்று பதில் வந்தது. மயிரிழை போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடிதம் வந்த அன்று பிரபா கேசரி கிளறினாள். இரண்டு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். "பட்டறையில நாந்தான் மொதலாளி. எனக்கு யாரும் லீவு குடுக்கல, நானும் எடுக்கல. செரி, நீ கேட்டு வாங்கிப்போட்ட. உடு கண்ணு" என்றார். அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

6

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. அந்தத் தலைவர் பதவி என்னைவிடச் சின்னவன் ஒருவனுக்குப் போயிற்று. அவன் மீட்டிங்கில் 'சரி, ஆரம்பிக்கலாமா' என்று சொல்லும்போது இன்னும் உள்ளே சுருக்கென்கிறது. வியாழக்கிழமை காலை ஒரு நாள் வேலை சேர்ந்து நிற்கிறது. நாலு நாள் சம்பளத்துக்கு நாலரை நாள் வேலை பார்க்கிறேன் என்று சில வாரம் சந்தேகம் வரும்.

ஆனால் கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் நண்பன் ஒருவனை நினைத்தால் வாயை மூடிக்கொள்வேன். அவனுக்கும் இஷ்டப்பட்ட நேரத்தில் வேலை செய்யலாம் என்ற வசதிதான். காந்திபுரத்தில் மனைவியோடு தீபாவளித் துணி எடுக்கப் போன இடத்தில், ட்ரையல் ரூமுக்குள் நின்று அமெரிக்காக்காரனுக்குப் பதில் சொல்லியிருக்கிறான். அந்த 'இஷ்டம்' யாருடையது என்று அவனிடம் கேட்டேன். கெட்ட வார்த்தையில் பதில் சொன்னான்.

என் புதன்கிழமைகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பள்ளி வாசலில் நிற்பேன். அங்கே வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் டச்சில் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவேன். ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இந்த ஊரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். மகிக்கு மானம் போகும். "அப்பா, 'நீ'ன்னு சொல்லுங்க" என்று கிள்ளுவாள். கோயமுத்தூர் வாய்க்கு அது வருவதில்லை. பிள்ளைகளுக்கு என்னவோ அது பிடித்துப்போய், என்னைக் கண்டால் நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தோசை சுடுவேன். கடைக்குப் போவோம். அவள் ஏதாவது ஒட்டுவாள், வெட்டுவாள். முதல் சில மாதம் அவள் பேசுவாள் என்று நான் காத்திருந்தேன். 'இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்தது' என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். 'ஒண்ணுமில்லீங்ப்பா'தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன், அலுத்துப்போய்த்தான் விட்டேன். அதற்கப்புறம் ஒரு நாள் கேரட் துருவிக்கொண்டிருந்தபோது, யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள் என்று அவளாக ஆரம்பித்து, பாதித் தமிழும் பாதி டச்சுமாக, கேரட் தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். துருவ ஒன்றுமில்லாமல் நான் முள்ளங்கியை எடுத்துத் துருவினேன். பேச்சு நின்றுவிடக் கூடாதல்லவா?

7

இதோடு எழுதி முடிக்கத்தான் இருந்தேன். இன்றைக்குத்தான் அந்த ஒரு வருஷம் நிறையும் புதன்கிழமை. ஜவ்வரிசிப் பாயசம் வைக்கலாம் என்று முந்தின நாளே ஊறப்போட்டிருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் மகி தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு நான் லோட்டெ ஊட்டுக்கு விளையாடப் போறனுங்க. நீங்க வேணும்னா ஆபீஸ் போங்க."

லோட்டெ அவளுடைய சிநேகிதி. வீடு எங்கள் தெருவிலேயே கடைசி. போகவேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன். ஏழு வயது எட்டாகப் போகிறது. இனி சிநேகிதிகள் வீடு, நீச்சல் வகுப்பு, அவள் உலகம். யாரும் கேட்காத ஒன்றை, கிடைக்க இருந்த பதவியையும் சைட்டையும் கொடுத்து வாங்கிவிட்டேனோ என்று முதல் தடவையாகப் பயந்தேன். மாமா என் உடம்பை விசாரித்ததில் தப்பில்லையோ என்றுகூடத் தோன்றியது.

பாயசத்துக்கு வைத்த பால் பொங்கவில்லை, அதற்குள் காலிங் பெல் அடித்தது. கதவுக்கு வெளியே மகியின் குரல், லோட்டெயின் குரல். மழையில் ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். லோட்டெயின் அம்மாவும் புதன்கிழமை வீட்டில்தான் இருப்பார். ஆனால் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பார். சத்தம் போட்டால் ஆகாது. அதனால்தான் கிளம்பி வந்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

லோட்டெ தயங்கித் தயங்கி டச்சில் கேட்பது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "உங்கள் வீட்டில் சத்தம் போடலாமா? உன் அப்பா வேலை பார்க்கவில்லையா?"

"புதன்கிழமையா?" என்றாள் என் மகள். குரலில் அத்தனை பெருமை. "எங்கள் அப்பா புதன்கிழமை ஒரு வேலையும் செய்ய மாட்டார்."

கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் ஈரச் செருப்போடு என்னை இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினார்கள்.